ஞாயிறு பத்து மணி முதல் ஒரு மணி வரை

என் தங்கை மகளை அவளுடைய அப்பா சந்திக்கும்போது உடனிருக்க வேண்டிய ஆளாக, 2019ஆம் ஆண்டு பெங்களூரில் ஒரு நீதிமன்ற உத்தரவு என்னைக் குறித்தது. அதில் என் பெயர் இல்லை. ‘மனுதாரரின் அண்ணன்’ என்றுதான் இருந்தது. மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிற்றுக்கிழமைகளில், காலை 10 மணி முதல் 1 மணி வரை, கப்பன் பூங்காவுக்குள், மனுதாரரின் அண்ணன் முன்னிலையில், எதிர்மனுதாரர் குழந்தையைச் சந்திக்கலாம். பூங்காவை விட்டு வெளியே அழைத்துச் செல்லக் கூடாது. மது அருந்திவிட்டு வரக் கூடாது. எடுக்கும் படங்களை எங்கும் வெளியிடக் கூடாது. எங்கள் வீட்டில் தாய்மாமனுக்கு என்று ஒதுக்கப்பட்ட வேலைகள் சில உண்டு. மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதிலிருந்து சீர் தட்டு சுமப்பது வரை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். காவல் காக்கும் வேலை அதில் ஒன்றாக வரும் என்று நினைத்ததில்லை.

வழக்கின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, தரப்பினர் கேட்டால் விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்கிறது. எங்கள் விசாரணையும் அப்படித்தான் நடந்தது, அதைத் திறந்து வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தங்கையின் கணவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. இரண்டு முறை என் தங்கை மீது கை வைத்தார். இரண்டாவது முறை குழந்தை அறைக்குள் இருந்தாள். தங்கை அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் கோலார் தங்கவயலில் தன் தாயாரிடம் போய்ச் சேர்ந்தார். இதை எழுதுவதற்குத் தங்கையிடம் கேட்டபோது, “பெயர் போடாதே, அவரைக் கெட்டவராகவும் எழுதாதே, நல்லவராகவும் எழுதாதே” என்றாள்.

தங்கையின் விவாகரத்து மனு நிலுவையில் இருக்கும்போதே, குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று அவர் மனு போட்டார். இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, வழக்கு முடியும்வரை குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு ஆகியவை பற்றி இடைக்கால உத்தரவு போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த மாதம் பாப்பாவுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளையர், காப்பாளர் சட்டம் சொல்வதால், ஐந்து முடிந்ததுமே யாரோ வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் அம்மா நம்பினார். பிறந்தநாளுக்கு மறுநாள் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்காது. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு குழந்தையின் நலனைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. ஐந்தாவது பிறந்தநாள் அதை மாற்றிவிடுவதில்லை.

பொறுப்பு என்பது வேறு, சந்திக்கும் உரிமை என்பது வேறு என்பதே எங்களுக்கு அப்போதுதான் பிடிபட்டது. குழந்தை யாரிடம் வளர்கிறதோ அவரிடம் பொறுப்பு. மற்றவருக்குச் சந்திப்பு, பெங்களூரில் வக்கீல்முதல் ஆட்டோக்காரர்வரை எல்லாரும் ‘விசிட்டேஷன்’ என்றே சொல்கிறார்கள். சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தால் மறுக்கலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அதை வெளிப்படையாகவே சொல்கிறது. மறுப்பதற்கும் தாராளமாக அனுமதிப்பதற்கும் நடுவில் இருப்பதுதான் கண்காணிப்போடு கூடிய சந்திப்பு. அடிதடி நடந்த வீடு, குடி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார் என்ற அச்சம், நெடுநாள் பார்க்காததால் குழந்தைக்கு முகமே மறந்துபோன நிலை என்று அதற்கான காரணங்கள் பலவாக இருக்கலாம். நீதிமன்ற அறையில் ஒரு மணி நேரம், பிறகு பொது இடத்தில் மூன்று மணி நேரம், பிறகு துணையில்லாமல் ஒரு பகல், பிறகு ஓர் இரவு, பிறகு விடுமுறையில் பாதி என்று படிப்படியாக அது தளரும். தளராமல் நின்றுபோவதும் உண்டு. குழந்தை பற்றிய எந்த உத்தரவும் முடிந்த முடிவல்ல, நிலைமை மாறினால் உத்தரவும் மாறும் என்று ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லிவிட்டது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொம்மையோ அல்லர் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

முதல் ஆறு சந்திப்புகள் நீதிமன்ற வளாகத்தில், ஆலோசகர் அம்மையாரின் கண்ணெதிரே நடந்தன. அவர் கன்னடத்தில் கேட்பார், பாப்பா தமிழில் பதில் சொல்வாள், இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. பெரியவர்களுக்கு அவர் கொடுத்த அறிவுரைகள் சின்னவை. யாரோடு இருக்க ஆசை என்று குழந்தையிடம் கேட்காதீர்கள். அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். வாங்கித் தர முடியாததைச் சொல்லாதீர்கள். அழுகை வந்தால் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு வாருங்கள். இவை எல்லாம் அப்பாவுக்குச் சொல்லப்பட்டவை என்று நினைத்து நான் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

பூங்காவுக்கு மாறியபோது, எங்கள் வக்கீல் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். தேதி, வந்த நேரம், போன நேரம், குறிப்பு என்று நான்கு பத்தி. அடுத்த வாய்தாவில் தேவைப்படும் என்றார். 80 பக்க நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். பாப்பாவின் அப்பா தங்கவயலில் உள்ள மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் ஏறி, கண்டோன்மெண்டில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் வருவார். சுமார் 100 கிலோமீட்டர். சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பிறகு அந்த ஊரில் பாதிப் பேர் வேலைக்கு வந்துபோகும் வண்டி அது. தாமதமானால் ஆளும் தாமதம். ‘வந்த நேரம்: 10:40’ என்று எழுதுவேன். ரயில் தாமதம் என்று எழுதப் பத்தி இல்லை. உண்மையில் குறிப்பு என்ற பத்தி இருந்தது, நான் எழுதவில்லை.

அவரை எப்படி அழைப்பது என்பது தனிச் சிக்கல். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். வழக்குக்குப் பிறகு நான் முறைவைத்து அழைப்பதை நிறுத்திவிட்டேன். வக்கீலிடம் பேசும்போது ‘எதிர்மனுதாரர்’, வீட்டில் ‘அந்த ஆள்’, நேரில் ஒன்றுமில்லை. தொண்டையைச் செருமிவிட்டுப் பேச ஆரம்பிப்பேன். அவர் மட்டும் “வாங்க மச்சான்” என்பதை விடவில்லை. அதையும் நான் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கப்பன் பூங்காவில் ஞாயிறுகளில் வண்டிகளை விடமாட்டார்கள். மூங்கில் புதர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு எனக்கு நிலையாகிவிட்டது. மரங்களுக்கு அப்பால் உயர் நீதிமன்றத்தின் சிவப்புச் சுவர் தெரியும்; உத்தரவு பிடிக்காதவர்கள் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டிய இடம் அதுதான். பாப்பாவுக்கும் அவருக்கும் பிடித்த விளையாட்டு கண்ணாமூச்சி. அவர் மரத்தில் முகம் புதைத்து எண்ணுவார், அவள் மூங்கிலுக்குப் பின்னால் பதுங்குவாள். ‘முன்னிலையில்’ என்று உத்தரவு சொல்வதால் அவள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவளுக்கும் அது தெரியும். ஒளிந்த இடத்திலிருந்து என்னைப் பார்த்து, சொல்லிவிடாதே என்று உதட்டில் விரலை வைப்பாள். அவர் ஒளியும் முறை வரும்போதுதான் கஷ்டம். அரை நிமிடம் அவர் கண்ணில் படாவிட்டால் எனக்கு வயிற்றைப் புரட்டும், எழுந்து நின்றுவிடுவேன். அவரோ இதைப் புரிந்துகொண்டு, தன் சட்டையின் ஓரம் எனக்குத் தெரியும்படியாகவே ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார். அதனால் பாப்பாவும் அவரை உடனே கண்டுபிடித்துவிடுவாள். “அப்பாவுக்கு ஒளியவே தெரியலை” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

வீடு திரும்புவது மெட்ரோவில். எம்.ஜி. ரோடு, ட்ரினிட்டி, அடுத்தது அல்சூர். இந்த மூன்று நிலையங்களுக்குள் நான் கேட்டு முடித்துவிடுவேன்: அப்பா என்ன கேட்டார், அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னாரா, கோபப்பட்டாரா, என்ன கொடுத்தார், சாப்பிட்டாயா. அக்கறையாகத்தான் கேட்டேன். வீட்டில் தங்கை அந்த ஞாயிறுகளில் பித்தளைப் பாத்திரம் அத்தனையையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் படி ஏறும் சத்தம் கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் வந்து நிற்பாள். அவளிடம் சொல்வதற்கு எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

பூங்காவில் நாலாவது சந்திப்போ ஐந்தாவதோ, நான் கேட்பதற்கு முன்பே பாப்பா ஒப்பிக்கத் தொடங்கினாள். வண்டியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்துகொண்டு, பள்ளியில் பாட்டுச் சொல்வதுபோல ஒரே ராகத்தில், “அப்பா கத்தலை. அம்மாவைப் பத்திக் கேக்கலை. பாட்டி கொடுத்த அடை நான் பாதிதான் சாப்பிட்டேன்” என்றாள். அது அவருடைய தாயார் வெல்லம் போட்டுத் தட்டித் தந்த கேழ்வரகு அடை. இரண்டு அடையையும் அவள் முழுக்கத் தின்று, டப்பாவில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்ததை, கண்காணிப்பாளன் என்ற முறையில் நான் பெஞ்சிலிருந்து பார்த்திருந்தேன். அவளை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. எங்களுக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, ஐந்து வயதில் அவளாகவே சாப்பாட்டைப் பாதியாக்கிக்கொண்டாள். சுவரில் சாய்ந்துகொண்டு நான் கேட்ட அறிவுரைகள் அப்போது நினைவுக்கு வந்தன. ஆனாலும் அடுத்த முறையும் கேட்டேன். பழக்கம் லேசில் விடவில்லை.

2020 பிப்ரவரியில் நடந்தது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று அவர் வந்ததும் ஹால்ஸ் வாசனை தூக்கலாக அடித்தது. கண் சிவந்திருந்தது. இருமவும் செய்தார். குடியை மறைக்க ஹால்ஸ் போடுவது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். இருமலுக்கு ஹால்ஸ் போடுவதும் எல்லாரும் செய்வதுதான். நான் நடுவில் போய் நின்றுகொண்டு, “இன்றைக்கு வேண்டாம்” என்றேன். அவர் வாதாடவில்லை. கையிலிருந்த டப்பாவைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். அவள் டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு மூன்று நிலையமும் பேசாமல் வந்தாள். நோட்டில், ‘மது வாசனை – சந்தேகம்’ என்று எழுதினேன். வக்கீல் நீதிமன்றத்துக்குத் தயாரித்த மெமோவில் ‘எதிர்மனுதாரர் மது அருந்திய நிலையில் வந்தார்’ என்று இருந்தது. சந்தேகம் என்ற சொல் எங்கோ விழுந்துவிட்டது. நான் படித்துப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் குடித்திருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் ஊரடங்கு. பூங்கா, நீதிமன்றம் எல்லாம் மூடப்பட்டன. அந்த ஜனவரியில்தான் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பொறுப்பு கிடைக்காத பெற்றோருக்குச் சந்திப்பு உரிமை மட்டுமல்லாமல் தொடர்பு உரிமையும் வேண்டும், நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாவது தொலைபேசியிலோ வீடியோவிலோ குழந்தையோடு பேச முடிய வேண்டும் என்று சொல்லியிருந்தது. அவருடைய வக்கீல் அதைக் காட்டிக் கேட்டார். ஞாயிறு தோறும் வாட்ஸ்ஆப் அழைப்புக்குச் சம்மதித்தோம். தங்கவயலில் அவர் வீட்டு மாடிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். மழையில் ஒருமுறை குடை பிடித்துக்கொண்டு பேசினார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான், அதுவும் முன்னிலைதானே. திரையில் இருவர் முகமும் தெரியும், என் கட்டைவிரலும் ஓரத்தில் தெரியும்.

மெமோ விசாரணைக்கு வந்தபோது 2021 ஆகிவிட்டது. என்னை அழைத்து, மது வாசனையை நீங்களே உணர்ந்தீர்களா என்று கேட்டார்கள். நான் உணர்ந்தது ஹால்ஸ் வாசனை. அதைத்தான் சொன்னேன், சந்தேகம் என்று எழுதியதையும் சொன்னேன். எங்கள் வக்கீல் மெமோவை வற்புறுத்தவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார். தங்கை மூன்று வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. “அடி வாங்கினது நான். உனக்கென்ன, நீ பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கினாய்” என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. குடிகாரக் கணவனிடம் அடிபட்ட ஒருத்திக்குச் சந்தேகம் போதும். ஒரு ஞாயிறு வீணானாலும் பரவாயில்லை என்று நினைக்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. நீதிமன்றத்துக்குச் சந்தேகம் போதாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனை, அதுவும் ஒரு தரப்பின் அண்ணனை, நோட்டும் பேனாவுமாக உட்கார வைத்ததில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வழக்கில் அது தேவைப்பட்டது. அது இல்லாமல் தங்கை குழந்தையை அனுப்பியிருக்கமாட்டாள், பாப்பாவுக்கு அப்பா முகம் மறந்திருக்கும். பெற்றோரிடமிருந்து பிரிந்து வாழும் குழந்தைக்கு, அதன் நலனுக்கு எதிராக இல்லாதவரை, இருவரோடும் நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. ஆனால் இங்கே எல்லாருக்கும் பொதுவான காப்பாளர் சட்டம் (Guardians and Wards Act) 1890ஆம் ஆண்டுடையது. 1984இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் குழந்தையை அணுகும் உரிமை பற்றிய வழக்குகளை விசாரிக்கலாம் என்கிறதே தவிர, அந்த அணுகலை யார் உடனிருந்து கவனிப்பது, அவருக்கு என்ன பயிற்சி என்று சொல்வதில்லை. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் கூட்டுப் பொறுப்பையும், குழந்தை வளர்ப்புக்கு இருவரும் சேர்ந்து எழுதும் திட்டத்தையும் பரிந்துரைத்தது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே மையங்கள் இருக்கின்றன. எந்தப் பக்கத்துக்கும் உறவில்லாத, பயிற்சி பெற்ற ஆட்கள் அங்கே உடனிருக்கிறார்கள். நம் ஊரில் தாத்தா, சித்தி, மாமன் என்று யார் அகப்படுகிறார்களோ அவர்கள்தான். உறவுக்காரன் பார்க்கும்போது குற்றம்தான் கண்ணில் படும். என் நோட்டைப் பின்னாளில் புரட்டிப் பார்த்தேன். தாமதம் பதினொரு இடத்தில் இருந்தது. சட்டை ஓரம் தெரிய ஒளிந்துகொண்டது ஓர் இடத்திலும் இல்லை.

2022இல் கண்காணிப்பு நிபந்தனை நீங்கியது. அவர் குடியை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் போய் முகர்ந்து பார்க்கவில்லை. விவாகரத்தும் ஆகிவிட்டது. இப்போது பாப்பாவுக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறையில் பாதி நாள் தங்கவயலில். கண்டோன்மெண்டில் அவளை வண்டியிலிருந்து இறக்கிக் கூட்டிவருவது என் வேலை. ஒன்றும் கேட்பதில்லை என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். கேட்காவிட்டால் அவளாகவே சொல்கிறாள், அது வேறு விஷயம்.

இந்த மே மாதம் அப்படித்தான், ஆட்டோவில் வரும்போது, சயனைடு மேட்டில் அட்டையைப் போட்டுச் சறுக்கி விளையாடியதைச் சொன்னாள். தங்கத்தைப் பிரித்த பிறகு சுரங்கக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கொட்டிய மண் அந்த ஊரில் குன்று குன்றாகக் கிடக்கிறது. பெயரே அதில் என்ன கலந்தது என்று சொல்லிவிடும். காற்றடித்தால் அதன் தூள் வீட்டுக்குள் வரும். உள்ளூர்ப் பிள்ளைகள் அதில்தான் விளையாடி வளர்கிறார்கள், அவரும் அப்படி வளர்ந்தவர்தான். பாப்பாவின் செருப்பு மடிப்பில் சாம்பல் நிறத்தில் அந்த மண் இன்னும் இருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றி, குழாயடியில் கழுவி வைத்தேன். தங்கை வேலையிலிருந்து திரும்ப ஒரு மணி நேரம் இருந்தது. நோட்டு பரண் மேல் கிடந்தது.

மாடிக்குப் போய் அவருக்கே போன் செய்தேன். எடுத்ததும் வழக்கம்போல் “சொல்லுங்க மச்சான்” என்றார். தொண்டையைச் செருமினேன். பிறகு, “மாப்பிள்ளை, அந்த மேட்டுக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது” என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. சரி என்றார். தன் அம்மாவுக்கும் இருமல் நிற்கவில்லை என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். டாக்டரிடம் காட்ட பெங்களூருக்குத்தான் அழைத்து வர வேண்டும், காலை வண்டியில் உட்கார இடம் கிடைக்காது என்றார். பங்காரப்பேட்டைக்கு முன்பே ஏறிக்கொள்பவர்களுக்கு இடம் கிடைக்குமே என்றேன். “மாரிக்குப்பத்திலேயே நின்றுகொண்டுதான் வருகிறோம் மச்சான்” என்றார்.